பர்கூர்ச் சாலையும் பாவச் சோதனையும்

சென்னையிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் வாணியம்பாடியையும் நாட்டறம்பள்ளியையும் கடந்தபின் நிலத்தின் சாயல் மாறத் தொடங்குகிறது. பாலாற்றுப் பக்கத்துத் தென்னந்தோப்புகள் பின்தங்கிவிட, சாலையின் இருமருங்கிலும் பாறைக் குன்றுகள் தலைதூக்குகின்றன. யாரோ ஒருவர் கையால் எடுத்து அடுக்கிவைத்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் உருண்டைப் பாறைகள். அவற்றின் அடிவாரத்தில் மாந்தோப்புகள். தோப்புகளுக்கு நடுவே செம்மண் பாதைகள். கிருஷ்ணகிரியை அடைவதற்குச் சுமார் பதினைந்து கிலோமீட்டர் முன்னதாக வருகின்ற ஊரே பர்கூர்.

பர்கூர் என்றதும் வாசகர் சிலருக்கு மலை மாடுகள் நினைவுக்கு வரலாம். அந்தப் பர்கூர் ஈரோடு மாவட்டத்து அந்தியூருக்கு மேலே உள்ள மலையூர். நாம் சொல்லும் பர்கூர் கிருஷ்ணகிரி மாவட்டத்தைச் சேர்ந்த நெடுஞ்சாலையூர். தவக்காலத்துச் சனிக்கிழமை ஒன்றில் நாம் இவ்வூருக்குச் சென்றிருந்தோம். மாமரங்கள் பூவுதிர்த்துப் பிஞ்சு பிடித்திருந்த காலம் அது.

இவ்வூருக்கு வருவோர் முதலில் காண்பது ஜவுளிக் கடைகளை. துணி மூட்டைகளை ஏற்றுவதும் இறக்குவதுமாகத் தெருக்கள் எந்நேரமும் பரபரப்பாக இருக்கின்றன. ஜெகதேவிப் பக்கம் திரும்பினால் கருங்கல் குவாரிகளும், கல்லை அறுத்து மெருகேற்றும் கிரானைட் பட்டறைகளும் உள்ளன. சித்திரை பிறந்துவிட்டால் மாங்கூழ்த் தொழிற்சாலைகள் இரவு பகலாக ஓடும். 1994இல் தொடங்கப்பட்ட அரசு பொறியியற் கல்லூரியும், சிப்காட் தொழிற்பேட்டையும் வெளியூர் இளைஞர்களை இங்கே ஈர்த்துவந்தன. சற்றுத் தொலைவில் போச்சம்பள்ளியில் மின்சார இருசக்கர வண்டித் தொழிற்சாலை; மேற்கே ஓசூரில் டி.வி.எஸ்., அசோக் லேலண்டு, டைட்டன் ஆகிய பெரிய ஆலைகள். வடக்கே சிறிது தூரம் சென்றால் ஆந்திரம். ஓசூரைத் தாண்டினால் கர்நாடகம். ஒரே தேநீர்க் கடையில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் கலந்து ஒலிக்கக் கேட்டோம்.

இப்பகுதி கத்தோலிக்க மக்களுக்கு அந்நியமானதன்று. பர்கூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையே கந்திகுப்பம், எலத்தகிரி என்னும் பழைய கிறிஸ்தவ ஊர்கள் இருக்கின்றன. 1930இல் உருவான சேலம் மறைமாவட்டத்தின் பகுதியாக நெடுங்காலம் இருந்த இவ்வட்டாரம், 1997 ஜனவரி 24 அன்று தருமபுரி மறைமாவட்டம் தோன்றியபோது அதனுடன் இணைந்தது. தலைமுறை தலைமுறையாகச் செபமாலை சொல்லிவந்த குடும்பங்கள் வாழும் மண் இது.

இந்தப் பயணத்தைப் பற்றி எழுதும்போது, ஊரின் வளத்தையும் அழகையும் மட்டும் சொல்லி முடித்துவிட நம் மனம் இடந்தரவில்லை. தவக்காலத்து முதல் ஞாயிற்றுக்கிழமை நற்செய்தி நம் ஆண்டவரைப் பாலைவனத்திலே நமக்குக் காட்டுகிறது. சோதனையைப் பற்றிச் சிந்திக்க நாம் பாலைவனத்துக்குப் போகவேண்டியதில்லை. பர்கூர்ச் சாலையில் சனிக்கிழமை மாலையில் ஒரு மணி நேரம் நின்றாலே போதும். வாரக் கூலி கைக்கு வரும் நேரம் அது. அந்தக் கூலி வீடு போய்ச் சேருமா, வழியிலேயே கரைந்துவிடுமா என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தாய் கவலையோடு காத்திருக்கும் நேரமும் அதுவே.

எல்லை கற்பித்த பாடம்

மதுவிலக்கின் வரலாற்றில் இந்த மண்ணுக்குத் தனி இடம் உண்டு. ஓசூருக்கு அருகே தொரப்பள்ளியில் பிறந்த இராஜாஜி, சென்னை மாகாணத்தின் பிரதமராகப் பொறுப்பேற்ற சில மாதங்களிலேயே, 1937 அக்டோபர் 1ஆம் நாள் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். அந்நாளில் கிருஷ்ணகிரியும் ஓசூரும் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தவை. ஆகவே மாகாணத்திலேயே முதன்முதலாகச் சாராயக் கடைகள் மூடப்பட்ட நிலப்பரப்பில் பர்கூர்ப் பக்கமும் அடங்கும். கள், சாராய வருமானத்தை இழந்த அரசு அதனை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரியைக் கொண்டுவந்தது. குடியைக் கைவிடுவதற்கு ஒரு விலை உண்டு. அதை யாரேனும் கொடுத்தே ஆகவேண்டும் என்பதற்கு அந்த வரியே சான்று.

1948இல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. 1971இல் அது தளர்த்தப்பட்டது. 1974இல் மீண்டும் கடைகள் மூடப்பட்டன. 1981இல் மறுபடியும் திறந்தன. 1990இல் மலிவு விலை மது அறிமுகமாயிற்று. 1991இல் முதலமைச்சராகப் பதவியேற்ற செல்வி ஜெயலலிதா, முதல் உத்தரவுகளில் ஒன்றாக அந்த மலிவு விலை மதுவை ஒழித்தார். அப்போது அவர் பர்கூர்த் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர். 2003இல் மதுச் சில்லறை விற்பனையையே அரசின் டாஸ்மாக் நிறுவனம் ஏற்றுக்கொண்டது. ஒரு மனிதன் குடியை விடுவதாகச் சபதம் செய்து, பிறகு அதனை முறித்து, மீண்டும் சபதம் செய்வதைப் போலவே நம் மாநிலமும் எண்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தடுமாறி வந்திருக்கிறது.

எல்லைப்புறத்துக்கு இன்னொரு துன்பமும் சேர்ந்துகொள்கிறது. இப்புறம் கடை மூடியிருந்தால் அப்புறம் திறந்திருக்கும்; இப்புறம் விலை கூடினால் அப்புறம் குறைந்திருக்கும். கொரோனா காலத்தில் 2020 மே மாதம் கர்நாடகத்தில் கடைகள் திறக்கப்பட்டபோது இங்கிருந்து பலர் எல்லை தாண்டினர். 2021இல் இங்கே கடைகள் மூடியிருந்த வாரங்களில் கர்நாடக மதுப் பொட்டலங்கள் இருசக்கர வண்டிகளிலும் காய்கறி வண்டிகளிலும் ஒளிந்து வந்தன. நடுவே நிற்கும் சோதனைச் சாவடி வண்டியைத்தான் சோதிக்க முடியும். வண்டியில் இருப்பவனின் உள்ளத்தைச் சோதிக்க அதற்கு வழியில்லை.

அதனினும் கொடிய பாடத்தை 2008ஆம் ஆண்டு மே மாதம் இவ்வெல்லை கண்டது. கர்நாடகத்தில் அதற்கு முந்தைய ஆண்டில்தான் சாராயம் தடை செய்யப்பட்டிருந்தது. மெத்தனால் என்னும் விஷச் சாராயம் கலந்த மது கள்ளத்தனமாக விற்கப்பட, பெங்களூர், கோலார்ப் பகுதிகளிலும் நமது கிருஷ்ணகிரி மாவட்டத்திலுமாக ஏறத்தாழ 150 பேர் சில நாட்களுக்குள் மாண்டனர். மெத்தனால் உடலுக்குள் சென்று ஃபார்மிக் அமிலமாக மாறுகிறது. முதலில் கண்பார்வையைப் பறிக்கிறது. பின்பு உயிரைப் பறிக்கிறது. அன்று இறந்தவர்களில் பெரும்பாலோர் உழைத்து உண்ணும் ஏழைகள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் இதே வகையில் மடிந்ததை நாம் இன்னும் மறந்திருக்க முடியாது.

அப்படியாயின் சட்டத்தால் பயனே இல்லையா? உண்டு. 2016 டிசம்பர் 15 அன்று, தமிழ்நாட்டிலிருந்து சென்ற வழக்கொன்றில், தேசிய, மாநில நெடுஞ்சாலைகளின் ஓரத்தில் 500 மீட்டருக்குள் மதுக்கடை இருத்தலாகாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு நடைமுறைக்கு வந்த 2017 ஏப்ரலில் தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கும் அதிகமான கடைகள் மூடப்பட்டன. பின்னர் அத்தீர்ப்பு பலவாறு தளர்த்தப்பட்டது. கடைகள் பல ஊர்களுக்குள்ளே இடம்பெயர முயன்றன. திருப்பூர் மாவட்டத்துச் சாமளாபுரம் போன்ற இடங்களில் பெண்கள் வீதியில் இறங்கித் தடுத்தனர். எனினும் அத்தீர்ப்பில் ஒரு ஞானம் பொதிந்திருக்கிறது. மனிதனின் வழியில் எதிர்ப்படாத பொருள் அவனைக் குறைவாகவே வீழ்த்தும் என்பதே அந்த ஞானம். 500 மீட்டர் தூரம் ஒருவனுக்கு மறுபடி யோசிக்கச் சில நிமிடங்களைத் தருகிறது. நம் முன்னோர் படித்த ஞானோபதேசம் இதைத்தான் வேறு சொற்களில் சொல்லிற்று: பாவத்தை மட்டுமல்ல, பாவத்துக்கு ஏதுவான சமயங்களையும் விலக்கவேண்டும். பாவசங்கீர்த்தனத்தின் முடிவில் உத்தம மனஸ்தாப மந்திரம் சொல்லும்போது நாம் செய்யும் வாக்குறுதியிலும் இது அடங்கும்.

கோட்டை சொல்லும் கதை

பர்கூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குப் போகும் வழியிலேயே நகருக்கு மேல் எழுந்து நிற்கும் கோட்டை மலை கண்ணில் படுகிறது. பாராமகால் என்று பெயர்பெற்ற இந்நாட்டின் கோட்டைகளுள் இது தலையாயது. பர்கூருக்கு அடுத்த ஜெகதேவியின் பெயரும், விஜயநகரப் பேரரசின் கீழ் இப்பகுதியை ஆண்ட ஜெகதேவராயரை நினைவூட்டுவதே. நாமும் காலை வெயில் ஏறுமுன் கோட்டை மலையில் ஏறினோம். வழுக்கும் பாறைப் படிகள், இடிந்த மதில்கள், உச்சியில் மழைநீர் தேங்கும் சுனைகள்.

1791 நவம்பரில் மாக்ஸ்வெல் என்னும் ஆங்கிலத் தளபதி திப்பு சுல்தானின் வசமிருந்த இக்கோட்டையைத் தாக்கினார். அடிவாரத்துப் பேட்டை ஒரே இரவில் விழுந்தது. ஓடிய வீரர்களோடு தாமும் உள்ளே நுழைந்துவிடலாமென்று ஆங்கிலப் படையினர் மேலே விரைந்தனர். மேலே இருந்தவர்கள் சரியான நேரத்தில் வாயிலை அடைத்துவிட்டுப் பெரும் பாறைகளை உருட்டிவிடவே, தாக்க வந்தோர் இழப்போடு திரும்பினர். ஆனால் இதே கோட்டை 1768இல் ஆங்கிலேயர் கையில் விழுந்திருக்கிறது. அப்போது அதை வீழ்த்தியது வாளன்று, முற்றுகை. நேருக்கு நேர் வந்த தாக்குதலைத் தாங்கிய மதில், நாள்தோறும் மெல்ல இறுக்கிய முற்றுகையைத் தாங்கவில்லை.

இதை எண்ணியபோது புனித இஞ்ஞாசியார் நம் நினைவுக்கு வந்தார். அவர் கோட்டைகளை ஏட்டில் படித்து அறிந்தவரல்லர். 1521 மே மாதம் ஸ்பெயின் நாட்டுப் பம்ப்லோனாக் கோட்டையைக் காத்து நிற்கையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் முறிந்தவர். அந்தப் போர்வீரரே பிற்காலத்தில் எழுதிய ஆன்மீகப் பயிற்சிகளை 1548இல் திருத்தந்தை மூன்றாம் சின்னப்பர் அங்கீகரித்தார். பசாசு ஒரு படைத்தலைவனைப் போல நம்மைச் சுற்றிச் சுற்றி வந்து, மதில் எங்கே பலவீனமாயிருக்கிறதென்று பார்த்து அங்கேயே தாக்கும் என்று அந்நூலில் அவர் எச்சரிக்கிறார். அது கள்ளக் காதலனைப் போல இரகசியத்தை விரும்பும் என்றும், மறைத்து வைத்ததை நல்ல குருவிடம் வெளிப்படுத்திவிட்டால் அதன் தந்திரம் குலைந்துபோகும் என்றும் சொல்கிறார்.

இந்த இரண்டு எச்சரிக்கைகளும் நம் வீடுகளுக்கு எவ்வளவு பொருத்தமானவை! எந்த மனிதனும் குடிகாரனாக வேண்டுமென்று தீர்மானித்துக் குடிக்கத் தொடங்குவதில்லை. உடல்வலி என்ற மூலையில், துக்கம் என்ற மூலையில், நண்பன் அழைத்தான் என்ற மூலையில் மதில் சற்றே இடிந்திருக்கிறது. குவாரியில் நாள் முழுதும் கல்லுடைத்தவனுக்கு இரவில் உறக்கம் வராமை உண்மையான துன்பம். சொந்த ஊரைவிட்டு வந்து வாடகை அறையில் ஐவரோடு தங்கி, இரவு ஷிப்டு முடிந்து திரும்பும் இளைஞனின் தனிமையும் உண்மையானதே. எதிரி அந்த உண்மையான துன்பத்தின் வழியாகத்தான் வருகிறான். அதன்பின் மறைத்தல் தொடங்குகிறது: மனைவிக்குத் தெரியாமல், தாய்க்குத் தெரியாமல், பங்குத் தந்தைக்குத் தெரியாமல். மறைக்க மறைக்கக் கட்டு இறுகுகிறது.

சோதனை வேறு, பாவம் வேறு

இங்கே ஒரு தெளிவு தேவை. சோதனை வந்துவிட்டதாலேயே தாம் பாவியாகிவிட்டதாக எண்ணி மனம் சோர்கின்றவர் நம்மில் பலர். திருச்சபையின் போதனை அப்படியன்று. பெரிய கிரகோரியார் என்னும் திருத்தந்தை சோதனையில் மூன்று படிகளைப் பிரித்துக் காட்டினார்: தூண்டுதல், அத்தூண்டுதலில் கொள்ளும் இன்பம், அதற்குத் தரும் சம்மதம். தூண்டுதல் வெளியிலிருந்து வருவது. அது நம் ஆண்டவருக்கும் வந்தது. இன்பம் நம் பலவீனத்தைத் தொடுகிறது. பாவம் சம்மதத்தில்தான் நிறைவேறுகிறது. எல்லைக் கோட்டருகே எத்தனை கடைகள் திறந்திருந்தாலும் அவை நம் கால்களைப் பிடித்து இழுப்பதில்லை. கோட்டைக் கடக்கும் அடி நம்முடையதே. இதில் எச்சரிக்கையும் ஆறுதலும் ஒருங்கே இருக்கின்றன.

புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதுகையில், இறைவன் நம் சக்திக்கு மேற்பட்ட சோதனைக்கு நம்மை விட்டுவிடமாட்டார், தப்பும் வழியையும் அவரே காட்டுவார் என்று தேற்றுகிறார். அந்த வழி பெரும்பாலும் மிக எளியது: கால்களைத் திருப்பிக்கொண்டு போய்விடுவது. எகிப்து நாட்டில் போத்திபாரின் மனைவி பற்றியிழுத்தபோது சூசை அவளோடு வாதாடிக்கொண்டிருக்கவில்லை. மேலாடையை அவள் கையிலேயே விட்டுவிட்டு ஓடினார். தாவீது அரசரோ மாடியில் நின்று பார்த்துக்கொண்டேயிருந்தார். அரசரின் வீரம் கோலியாத்தை வென்றிருந்தது. ஆனால் அன்று மாலை அவருக்கு வேண்டியிருந்தது வீரமன்று, மாடியைவிட்டு இறங்கும் அறிவு.

நம் ஆண்டவர் கற்பித்த செபத்தில் சோதனையைப் பற்றிய மன்றாட்டையும் இங்கே நினைக்கலாம். கடவுளே நம்மைச் சோதனைக்குள் நடத்துவதுபோல் பொருள்படும் மொழிபெயர்ப்பு சரியன்று என்று, 2025இல் இறைவனடி சேர்ந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2017 டிசம்பரில் சுட்டிக்காட்டினார். இத்தாலியத் திருப்பலி நூலில் அம்மன்றாட்டு 2020இல் திருத்தப்பட்டது. நம் பாட்டிமார் தமிழில் கற்றுத்தந்த செபமோ, சோதனையிலே விழாதபடி எங்களைக் காத்துக்கொள்ளும் என்ற பொருளில்தான் தொன்றுதொட்டு இருந்துவருகிறது. சோதனையே வராதிருக்க நாம் கேட்கவில்லை. வரும்போது விழாதிருக்கக் கை கேட்கிறோம்.

இரு தொழிலாளர்கள்

பர்கூரிலிருந்து திரும்பும் பேருந்தில் நமக்கருகே அமர்ந்திருந்தவர் கல் மெருகேற்றும் பட்டறைத் தொழிலாளி. கழுத்தில் செபமாலை கண்டு பேச்சுக் கொடுத்தோம். பேச்சு சனிக்கிழமைக் கூலிக்கு வந்தது. “கூலி என் கையிலே தங்குறதில்லைங்க, ஐயா. பட்டறை வாசல்லயே வீட்டுக்காரி வந்து நிப்பா, அப்படியே வாங்கிக்குவா. எனக்குப் பஸ்ஸுக்கு மட்டும் காசு. கடைப்பக்கம் போற பஸ்ஸிலே ஏறுறதில்லை, இதுலே ஏறினா ஒரு மைல் நடக்கணும், நடந்துடுவேன்” என்றார். இப்படியே பதினோராண்டுகள் ஆகிவிட்டனவாம்.

“ஆசை போய்விட்டதா, பெரியவரே?” என்று கேட்டோம். அவர் சிரித்தார். “ஆசை எங்கேங்க போகும்? அது அங்கேயேதான் நிக்குது. நான்தான் வேற வழியா போறேன்” என்றார்.

நூறாண்டுகளுக்கு முன் வாழ்ந்த மற்றொரு தொழிலாளியின் வாழ்வை அவர் அறிந்திருக்க நியாயமில்லை. அயர்லாந்து நாட்டு டப்ளின் நகரில் 1856இல் பிறந்த மத்தேயு டால்பட், பன்னிரண்டு வயதில் மது வியாபாரி ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே குடிக்கவும் கற்றுக்கொண்டார். பதினாறு ஆண்டுகள் கூலி முழுவதையும் குடித்துத் தீர்த்தார். 1884இல் ஒரு நாள் கையில் காசின்றி மதுக்கடை வாசலில் நின்று, தாம் பலமுறை வாங்கிக்கொடுத்த நண்பர்கள் தம்மை உள்ளே அழைப்பார்கள் என்று எதிர்பார்த்தார். ஒருவரும் அழைக்கவில்லை. வீடு திரும்பி, குடியை விடுவதாகச் சபதம் எடுக்கப் போகிறேன் என்று தாயிடம் சொன்னார். முதலில் மூன்று மாதத்துக்கே அச்சபதத்தை எடுத்தார். பிறகு ஆறு மாதத்துக்கு. பிறகு ஆயுள் முழுமைக்கும். அதிகாலைத் திருப்பலி அவருக்கு அன்றாட உணவாயிற்று. மதுக்கடைக்குள் நுழைந்துவிட நேருமோ என்றஞ்சிச் சட்டைப்பையில் காசு வைத்துக்கொள்வதையே நிறுத்தினார். நாற்பதாண்டுகளுக்கு மேல் அவ்வாறே வாழ்ந்து, 1925 ஜூன் 7ஆம் நாள் திருப்பலிக்குச் செல்லும் வழியில் தெருவிலே விழுந்து உயிர் நீத்தார். 1975இல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தது.

டப்ளினிலும் பர்கூரிலும் கையாண்ட முறை ஒன்றே. இருவரும் தம் மன உறுதியை நம்பிச் சோதனையோடு மல்லுக்கு நிற்கவில்லை. தம் பலவீனத்தை ஒப்புக்கொண்டார்கள், பணத்தைக் கையிலிருந்து விலக்கினார்கள், வழியை மாற்றினார்கள், மற்றதை இறைவனிடம் விட்டார்கள். தாழ்ச்சி என்னும் புண்ணியம் கண்ணை மூடிக்கொண்டு நிற்பதன்று, இவ்வளவு நடைமுறையானது.

நம் வீடுகளை நோக்கி

குடிக்கு அடிமையானவர் பாவம் செய்கின்றவர் மட்டுமல்லர்; நோயாளியுமாவார். இதை இன்றைய மருத்துவம் ஐயத்துக்கிடமின்றிக் கூறுகிறது. நீண்ட நாள் குடித்தவர் திடீரென நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் சித்தப்பிரமையும் வரக்கூடும். மருத்துவர் துணையோடு நிறுத்துவதே பாதுகாப்பு. சென்னையில் 1980இல் தொடங்கப்பட்ட டி.டி.கே. மருத்துவமனை போன்ற நிலையங்கள் இத்துறையில் தொண்டாற்றுகின்றன. அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளிலும் சிகிச்சை உண்டு. 1935இல் அமெரிக்காவில் இரு குடிநோயாளிகள் சேர்ந்து தொடங்கிய ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ என்னும் குழு 1957இல் இந்தியாவுக்கும் வந்தது. அவர்கள் இன்று ஒரு நாள் குடிப்பதில்லை என்று மட்டுமே உறுதி கொள்கின்றனர். அந்தரங்கத்தைத் தம்மைப்போன்ற மற்றவரிடம் திறந்து பேசுகின்றனர். இஞ்ஞாசியார் சொன்ன இரகசியக் கட்டு அங்கே அவிழ்கிறது. இத்தகையோரைக் கோயிலில் கடைசி வரிசைக்குத் தள்ளிவிட்டு, அவர்கள் திருந்தவில்லையே என்று அங்கலாய்ப்பது நமக்கு அழகாகுமா?

இன்னொன்றையும் மனம் நோகாமல் வாசகர்கள் கேட்டருள வேண்டும். நம் கத்தோலிக்கக் குடும்பங்களில் ஞானஸ்நான விருந்திலும், திருமண முந்தைய இரவிலும், பங்குத் திருவிழாவிலும், ஏன், அடக்கம் முடிந்து திரும்பும் துக்க வீட்டிலுங்கூட மது பரிமாறும் வழக்கம் பல ஊர்களில் வேரூன்றிவிட்டது. ‘கொடுக்காவிட்டால் மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள்?’ என்கிறோம். சாலையோரக் கடையை 500 மீட்டர் தள்ளிவைக்க நீதிமன்றம் தேவைப்பட்டது. நம் வீட்டுப் பந்தலுக்குள் இருக்கும் கடையை யார் தள்ளிவைப்பது? விடுதலைக்காகப் போராடும் ஒருவன் அந்தப் பந்தலில் அமர்ந்திருக்கிறான். அவன் கையில் குவளையைத் திணிப்பவர் அவனுடைய மாமனாகவோ மைத்துனனாகவோ இருக்கிறார். பிறருக்கு இடறலாக இருப்பதைப் பற்றி நம் ஆண்டவர் கூறிய கடுமையான சொற்களை நாம் அறிவோம். சோதனைக்கு உள்ளாகிறவன் நானா என்று மட்டும் ஆராய்வது போதாது. பிறனுக்குச் சோதனையாக நிற்பவன் நானா என்றும் தவக்காலத்தில் ஆராய வேண்டும்.

குடி மட்டுமே சோதனை என்று நாம் சொல்லவில்லை. இன்று ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் ஓர் எல்லைக்கோடு இருக்கிறது. அதன் பெயர் கைப்பேசி. எந்தச் சாவடியுமின்றி அங்கே சூதாட்டக்கூடமும், ஆபாசக் காட்சியும், நொடியில் கிடைக்கும் கடனும் வந்து நிற்கின்றன. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளால் குடும்பங்கள் அழிந்து, உயிரை மாய்த்துக்கொண்டோர் செய்திகளை நாம் படித்தோம். தமிழ்நாடு அரசு இதற்கெதிராகச் சட்டம் இயற்றியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் நாடு முழுவதற்கும் தடைச் சட்டம் நிறைவேற்றியது. ஆயினும் இங்கும் அதே பாடந்தான். சட்டம் கதவை அடைக்கலாம். தாழ்ப்பாள் நம் உட்புறத்தில் இருக்கிறது. மாதச் சம்பளம் வாங்கும் மகனும் மகளும் தனியறையில் தூங்குமுன் கைப்பேசியை வெளியே வைக்கும் ஒரு சிறு பழக்கம், கோட்டை வாயிலை நேரத்தோடு அடைப்பதற்குச் சமம்.

பாலைவனத்தில் சாத்தான் முதலில் காட்டியது அப்பத்தை. பசித்தவருக்கு அப்பம் தேவை, அது தீயதன்று. ஆனால் தந்தையின் சித்தத்தை விட்டு அதைப் பெற ஆண்டவர் சம்மதிக்கவில்லை. பர்கூர்த் தொழிலாளிக்கும் ஓய்வு தேவை, துணை தேவை, மகிழ்ச்சி தேவை. அவற்றை நல்வழியில் அவனுக்குத் தராத குடும்பமும் பங்கும், அவன் தீயவழியில் தேடும்போது மட்டும் அவனைக் குறைகூற உரிமையற்றவை. சனிக்கிழமை மாலையில் இளைஞர்களுக்கு ஒரு விளையாட்டுத் திடல். வெளியூரிலிருந்து வந்து அறையில் தங்கியிருக்கும் தொழிலாளருக்கு ஞாயிறு ஒரு வேளை நம் வீட்டில் சாப்பாடு. கோயில் வளாகத்தில் குடிநோயாளிகள் கூடிப் பேச ஓர் அறை. இவை பெருஞ்செலவுக்குரிய திட்டங்களல்ல. ஆனால் மதுக்கடைக்குப் போகும் வழியைவிட இவற்றுக்கு வரும் வழி குறுகியதாக இருந்தால் பலர் இந்தப் பக்கம் திரும்புவார்கள்.

ஆகவே, அன்புக் குடும்பத்தாரே, இன்றிரவு குடும்பச் செபம் முடிந்ததும் ஐந்து நிமிடம் சேர்ந்து அமருங்கள். நம் வீட்டு மதிலில் இடிந்த மூலை எது என்று ஒருவரையொருவர் குற்றஞ்சாட்டாமல் பேசுங்கள். அடுத்து வரும் விசேஷத்தில் மது இல்லை என்று முடிவு செய்யுங்கள். அதை முன்கூட்டியே சுற்றத்தாருக்குத் தெரிவித்துவிடுங்கள். விழுந்தவர் வீட்டில் இருந்தால் அவரை மருத்துவரிடமும் குருவிடமும் அழைத்துச் செல்லும் நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்பு, ஆண்டவர் கற்பித்த செபத்தை இன்னொரு முறை, சோதனையைப் பற்றிய மன்றாட்டில் சற்றே நிறுத்தி, மெதுவாகச் சொல்லுங்கள்.